எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்

— உட்கார எல்லாம் நேரமில்லை டீச்சர். நின்னுட்டே கேட்டுட்டுப் போறேன். அந்தப் பொண்ணு யாரு?

— எந்தப் பொண்ணு, மேடம்?

— விளையாடாதீங்க. திங்கக்கிழமை அசெம்ப்ளில மைக்கைப் பிடிச்சு, மொத்த ஸ்கூலுக்கும் முன்னாடி சொன்னீங்களே, அந்தப் பொண்ணு.

— ஓ, எக்ஸா?

— எக்ஸ் வொய் எல்லாம் எனக்கு வேண்டாம். பேரு வேணும். எந்த வகுப்புன்னு வேணும்.

— முதல்ல உட்காருங்க மேடம். ரெண்டு நாற்காலியும் ஒரே உயரம், எதுல வேணா உட்காரலாம். நடுவுல மேசை கிடையாது. வேணும்னுதான் போடலை. ஸ்கூல் விட்டு எல்லாரும் கிளம்பியாச்சு, நீங்க இன்னும் போகலையா? பொண்ணு உங்க ஹெச்.எம். ரூம்ல காத்துட்டிருப்பாளே. அம்மாவும் பொண்ணும் பார்க்கைச் சுத்தற நேரமாச்சு.

— அது இருக்கட்டும். நேரா விஷயத்துக்கு வரேன். போன மாசம் வரைக்கும் இந்த ரூம்ல காத்துப் போன பந்துதான் கிடந்துச்சு. இன்னும் ரப்பர் வாசனை போகலை. நீங்கதான் என் முன்னாடி வந்து நின்னீங்க. "மேடம், இத்தனை வருஷம் நான் பேசினேன், பிள்ளைங்க கேட்டுச்சு. இனிமே அதுங்க பேசட்டும், நான் கேக்கறேன்"னு. எவ்வளவு சொன்னேன். பத்தாவதுக்குக் கணக்கு எடுக்க உங்களை விட்டா ஆள் இல்லைன்னு சொன்னேன். கேட்டீங்களா?

— கேக்கலை. வீட்லயும் சொன்னாங்க, கேக்கலை. "நான் பேசறதையே நீ காதுல வாங்கினது இல்லை, ஊர்ப் பிள்ளைங்க பேசறதைக் கேக்கப் போறியா"ன்னு எங்க வீட்டுக்காரர் இப்பவும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

— நான் சிரிக்கிற நிலைமைல இல்லை. அதுக்குன்னு தனியா கவுன்சிலிங் படிச்சிட்டு வந்து, ரூமையும் வாங்கிட்டு, முதல் வாரமே இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க.

— என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு நீங்களே சொல்லுங்க மேடம். எனக்கும் இந்த வாரம் பூரா ஒண்ணும் ஓடலை.

— அன்னைக்கு மைக்ல என்ன பேசினீங்க? ஒரு வார்த்தை விடாம திருப்பிச் சொல்லுங்க.

— இந்த ரூம் எதுக்குன்னு பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. மைக் முன்னாடி போய் நின்னா, அத்தனை முகம். எனக்கு உதாரணம் இல்லாம எதையும் விளக்க வராது மேடம், உங்களுக்கே தெரியும். அதனால, ஒரு மாணவி இருக்கான்னு வெச்சுக்குவோம், அவ பேரு எக்ஸ்ன்னு வெச்சுக்குவோம்னு ஆரம்பிச்சேன். சாயந்திரம் வீட்டுக்குப் போறா. கதவைத் தட்டறதுக்கு முன்னாடி, வாசல்ல கிடக்கிற அப்பா செருப்பைப் பாக்கறா. ஜோடியா நேரா இருந்தா உள்ள போவா. மூலைக்கொண்ணா எறிஞ்சு கிடந்தா, அப்படியே திரும்பி, ரெண்டு தெரு சுத்திட்டு வருவா. இந்த மாதிரி விஷயத்தை வெளியில சொல்ல முடியாம இருக்கிறவங்களுக்குத்தான் இந்த ரூம்னு முடிச்சேன். அவ்வளவுதான். புரிஞ்சுதா? சாரி மேடம், வாய் தானா வந்துடுது.

— அவ்வளவுதான்னு சொல்றீங்க. மறுநாள் காலைல என் ரூமுக்கு யார் வந்தாங்கன்னு தெரியுமா? அப்பாக்கள். ஒருத்தர் மாத்தி ஒருத்தர்.

— அப்பாக்களா?

— முதல்ல வந்தவர் ரொம்ப நேரம் கால்ல கிடந்த ஷூவையே குனிஞ்சு பாத்துட்டிருந்தார். அப்புறம், "என் பொண்ணு என்னைப் பத்தி இப்படியா வந்து சொல்லியிருக்கா"ன்னார். அடுத்து வந்தவர் மேசையைத் தட்டறார். "என் செருப்பு எப்பவும் ஸ்டாண்டுலதான் இருக்கும், இப்பவே வண்டில ஏறுங்க, கண்ணால வந்து பாருங்க"ங்கறார். நான் எங்க போய் ஊரான் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டைப் பாக்கறது? அதுக்கப்புறம் ஒரு அம்மா. "எங்க வீட்டு விஷயத்தை மைக்ல போட்டா, நாங்க தெருவுல எப்படித் தலை காட்டறது"ன்னு அழுகை. எல்லாருக்கும் ஒரே கேள்வி. எங்க வீட்டை எதுக்குச் சொன்னீங்க?

— ஐயோ.

— வெளியாளை விடுங்க. கம்ப்யூட்டர் லேப் வாசல்ல போய்ப் பாருங்க. நம்ம ஸ்டாஃப் செருப்பெல்லாம் அளவெடுத்து வெச்ச மாதிரி நிக்குது. விளையாட்டு சார் குனிஞ்சு, தன் ஷூவைத் திருப்பித் திருப்பி வெச்சுப் பாத்துட்டு, மறுபடியும் தள்ளி நின்னு பாக்கறார்.

— சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை மேடம்.

— ரெண்டும் வேண்டாம். பேரைச் சொல்லுங்க. வந்தவங்க எல்லாம் தங்களைத்தான் சொன்னீங்கன்னு நினைச்சுக்கிட்டாங்க, சரி. ஆனா நிஜமா ஒருத்தி இருக்கா இல்ல? உங்ககிட்ட வந்து சொன்னவ. அவதான் எனக்கு வேணும்.

— அப்படி ஒருத்தி கிடையாது மேடம்.

— என்ன?

— அப்படி ஒரு பொண்ணே கிடையாது. கணக்குக்கு எப்படி உதாரணம் சொல்லுவோம்? ஒருத்தன் கடைக்குப் போறான், ஒரு தொட்டில தண்ணி நிரம்புது. அந்தத் தொட்டி யார் வீட்ல இருக்குன்னு எந்தப் பிள்ளையாவது கேட்டிருக்கா? அந்த மாதிரிதான் இதுவும். மேடைப் படி ஏறும்போதுகூட அந்தச் செருப்பு என் மனசுல இல்லை. வாயில வந்துச்சு, சொன்னேன்.

— பொய்.

— மேடம், என்னை உங்களுக்கு எத்தனை வருஷமா தெரியும்?

— அதனாலதான் சொல்றேன். ஜோடியா இருந்தா உள்ள போவா, எறிஞ்சு கிடந்தா சுத்திட்டு வருவா. இவ்வளவு துல்லியமா சும்மா வாயில வந்துடுமா? யாரோ இந்த நாற்காலில உட்கார்ந்து சொல்லியிருக்கணும்.

— அசெம்ப்ளிக்கு முன்னாடி இந்த நாற்காலில ஈ காக்கா உட்காரலை. ரூம் திறந்ததே அன்னைக்குத்தான், நீங்கதானே திறந்து வெச்சீங்க.

— சரி. அசெம்ப்ளிக்கு அப்புறம்?

— அதைத்தான் சொல்ல வாய் வரலை. முதல் இடைவேளைக்கு மணி அடிச்சதும் ஒரு பிள்ளை வந்துச்சு.

— பையனா, பொண்ணா?

— பிள்ளை. கதவைச் சாத்திட்டு, அப்படி ஒரு கோபம் அது முகத்துல. "டீச்சர், உங்ககிட்ட யார் சொன்னா"ன்னுச்சு. எதைன்னேன். "எங்கப்பா செருப்பை"ன்னுச்சு. நான் சிரிச்சுட்டேன் மேடம். இல்லடா கண்ணு, அது சும்மா ஒரு உதாரணம்னேன். நம்பலை. நீங்க இப்ப நம்பாத மாதிரியே என்னைப் பாத்துச்சு. அது உட்கார்ந்திருக்கும்போதே கதவை இன்னொண்ணு தட்டுது. அதுக்கும் அதே கேள்வி. ஆனா செருப்பு இல்லை, வண்டி. வண்டி ஸ்டாண்டு போட்டு நிக்குதா, சுவத்துல சாஞ்சு நிக்குதான்னு பாக்குமாம். அடுத்தது டிவி சத்தம். அதுக்கு அடுத்தது, அம்மா பாத்திரத்தை எப்படி வெக்கறாங்கங்கற சத்தம். அம்மா, மேடம். நான் அப்பான்னுதானே சொன்னேன்? மத்தியானம் வரைக்கும் தண்ணி பாட்டிலைத் திறக்கக்கூட நேரமில்லை.

— எத்தனை பேர் டீச்சர்?

— எண்ணலை. முதல் நாள் எண்ணினேன், அப்புறம் எண்ணப் பயமா இருந்துச்சு. ஒரு கணக்கு டீச்சர் எண்ணறதை விட்டுட்டான்னா நீங்களே பாத்துக்குங்க.

— நம்ம ஸ்கூல் பிள்ளைங்களா?

— நம்ம ஸ்கூல்தான். நல்லா படிக்கிறது, படிக்காதது, வாயாடி, ஊமை, எல்லாம் இருக்கு. நான் இல்லாத ஒரு பொண்ணைச் சொன்னேன் மேடம். அவ தினமும் வேற வேற முகத்தோட வந்து என் எதிர்ல உட்கார்றா. என்னால தாங்க முடியலை. அத்தனை பிள்ளைங்களுக்கும் நான் கணக்கு எடுத்திருக்கேன். ஹோம்வொர்க் பண்ணலையான்னு நிக்க வெச்சிருக்கேன்.

— அதை விடுங்க. அது எல்லாரும் பண்றதுதான். பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களா?

— எழுதலை. எல்லாம் மண்டைக்குள்ளதான்.

— யாரோ தட்டறாங்க.

— உள்ள வாம்மா. கதவு திறந்துதான் இருக்கு.

— டீச்சர், அது வந்து, அந்தச் செரு... குட் ஈவ்னிங் மேடம்.

— குட் ஈவ்னிங். பாஸ்கெட்பால் கேப்டன்தானே நீ? இன்னும் வீட்டுக்குப் போகலையா? என்ன வேணும்?

— ஒண்ணுமில்லை மேடம். சாக்பீஸ் கேக்கலாம்னு வந்தேன்.

— இந்த ரூம்ல போர்டே கிடையாதே.

— ஆமா மேடம். அதான் இருக்காதுன்னு நினைச்சேன்.

— நாளைக்கு இடைவேளைல வாம்மா. சாக்பீஸ் வாங்கி வெக்கறேன்.

— சரி டீச்சர். வரேன் மேடம்.

— எப்படி ஓடறா பாருங்க. மேட்ச்லகூட இவ்வளவு வேகமா ஓடி நான் பாத்ததில்லை. என்னைக் கண்டா அவ்வளவு பயமா?

— உங்களைக் கண்டு இல்லை மேடம், ஸ்கூலைக் கண்டு. ஹெச்.எம்.னா பிள்ளைங்களுக்கு ஸ்கூல்தானே. நானும் போன மாசம் வரைக்கும் அதுவாத்தான் இருந்தேன். சாக்பீஸ் கையில இல்லாம நான் வராண்டால நடந்தா, இப்ப எனக்கே நான் யாருன்னு தெரிய மாட்டேங்குது.

— இவளும் ஏற்கெனவே வந்துட்டுப் போனவளா?

— சாக்பீஸ் கேட்டு வந்தா.

— டீச்சர்.

— நீங்களும்தானே கேட்டீங்க மேடம், உங்க காதால.

— பதினொண்ணாவதுலேர்ந்து யாராவது வந்தாங்களா?

— ஏன் பதினொ... இல்லை. ஏன்னு கேக்கக் கூடாது. எங்களுக்கு முதல் பாடமே அதுதான். ஏன்னு கேட்டா, எதிர்ல இருக்கிறவங்களுக்குக் குத்தம் சாட்டற மாதிரி இருக்குமாம். கணக்குல ஏன் இல்லாம ஒரு ஸ்டெப் நகராது. இங்க வந்தா அந்த வார்த்தையே ஆகாது. நாக்கைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு மேடம்.

— பதினொண்ணாவது ஏ செக்‌ஷன். யாராவது வந்தாங்களா? ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தை.

— அது உங்க பொண்ணு இருக்கிற கிளாஸ்.

— இந்த ஸ்கூல்ல எல்லாமே என் பொண்ணுங்கதான். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— வந்தாங்கன்னும் சொல்ல மாட்டேன், வரலைன்னும் சொல்ல மாட்டேன். ஒரு கிளாஸுக்கு இல்லைன்னு சொல்லிட்டா, அடுத்த கிளாஸுக்கு நான் சும்மா இருந்தாலே அது ஆமான்னு ஆயிடும். நீங்க எண்ணி எண்ணியே கண்டுபிடிச்சுடுவீங்க.

— யாருக்காவது உயிருக்கு ஆபத்துன்னா? அப்பவும் இப்படித்தான் வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களா?

— மாட்டேன். அப்படி ஒண்ணு என் காதுக்கு வந்தா, அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டு, அதையும் கையோட கூட்டிக்கிட்டு, உங்க கதவைத்தான் முதல்ல தட்டுவேன். அதை ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் ஆரம்பத்துலயே சொல்லித்தான் உட்கார வெக்கறேன். இதுவரைக்கும் வந்தது அது இல்லை. கத்தல், உடைக்கிறது, நாள்கணக்குல பேசாம இருக்கிறது. யாரும் யார்கிட்டயும் சொல்லாதது.

— பாருங்க டீச்சர். இப்ப நான் ஹெச்.எம்.மா பேசறேன். அப்பாக்கள் மேலிடத்துக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. உங்க இடத்துல வந்த புது சார் போர்டுல எழுதினா பின்னாடி பெஞ்சு பூரா தூங்குது. எனக்கு ரெண்டு பக்கமும் அடி. அதனால இதுதான் முடிவு. பதினொண்ணாவதுலேர்ந்து யார் யார் வந்தாங்கன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க. இந்த ரூம் உங்களுக்குத்தான், யார் வந்து கேட்டாலும் நான் பாத்துக்கறேன். சொல்லலைன்னா, திங்கக்கிழமை நீங்க பத்தாவதுல போர்டு முன்னாடி நிப்பீங்க. இங்க பழையபடி பந்து வந்துடும்.

— நிஜமாவா சொல்றீங்க?

— நான் என்னைக்கு விளையாட்டுக்குச் சொல்லியிருக்கேன்?

— இந்தாங்க.

— என்ன இது?

— ரூம் சாவி. இன்னொண்ணு வாட்ச்மேன்கிட்ட இருக்கு, சொல்லி வாங்கிக்குங்க.

— அவ்வளவு சுலபமா கொடுத்துட்டீங்க.

— சுலபமா இல்லை மேடம். கண்ணு கலங்குது, நீங்கதான் பாக்க மாட்டேங்கறீங்க. இந்த ரூமுக்காக நான் எத்தனை பேர் வாசல்ல நின்னேன்னு உங்களுக்குத் தெரியும். அந்த நாற்காலி ரெண்டும் நான் கடை கடையா ஏறி இறங்கி வாங்கினது, உயரம் ஒண்ணா இருக்கணும்னு டேப் எடுத்துட்டுப் போய் அளந்து. ஆனா பேரைச் சொல்லிட்டு நான் இந்த ரூமை வெச்சுக்கிட்டா, அப்புறம் இதுல எந்தப் பிள்ளை வந்து உட்காரும்? அதுக்குப் பந்தே இருந்துட்டுப் போகட்டும்.

— உங்களுக்குப் புரிய மாட்டேங்குது டீச்சர்.

— புரியற மாதிரி சொல்லுங்க மேடம். நான் கேக்கறேன்.

— என்னத்தைச் சொல்றது? நீங்க பாட்டுக்கு மைக்ல சொல்லிட்டுப் போயிட்டீங்க. அது அவ்வளவு லேசான வேலையா? ஒண்ணு படியில கிடக்கும், இன்னொண்ணு பூந்தொட்டிக்குப் பக்கத்துல கவுந்து கிடக்கும். அதை வாசல் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னே பாத்துடணும். கேட்டைத் தொட்டா கிறீச்சுன்னு சத்தம் வந்துடும், அப்புறம் திரும்ப முடியாது. பாக்கற மாதிரியும் தெரியக் கூடாது, பையில எதையோ தேடற மாதிரி நிக்கணும். இதையெல்லாம் ஒரு குழந்தை பண்ணிட்டிருக்கான்னா...

— மேடம்.

— என்ன?

— நான் பூந்தொட்டி சொல்லலை.

— சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

— இல்லை மேடம். வாசல் கேட்டையும் சொல்லலை, பையையும் சொல்லலை. செருப்பு, ரெண்டு தெரு, அவ்வளவுதான்.

— ஃபேனைக் கொஞ்சம் போடுங்க.

— ஓடிட்டுத்தான் இருக்கு மேடம். உட்காருங்க. அப்படியே சாஞ்சு உட்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?

— வேண்டாம். கதவு?

— சாத்திட்டேன்.

— இப்ப நீங்க ஏன்னு கேக்கணும்.

— கேக்க மாட்டேன் மேடம்.

— கேட்டுத் தொலைங்களேன். கேட்டா பதில் சொல்லிட்டுப் போயிடுவேன். இப்படிச் சும்மா பாத்துட்டிருந்தா என்ன பண்றது?

— ஒண்ணும் பண்ண வேண்டாம். உங்களுக்கா சொல்லணும்னு தோணினா சொல்லுங்க. தோணலைன்னாலும் நாற்காலி உங்களுக்குத்தான்.

— சாவியை வெச்சுக்குங்க முதல்ல. என் கையில கனக்குது.

— சரி.

— நாங்க பார்க்கைச் சுத்தறது...

— உடம்புக்குன்னு நினைச்சேன் மேடம். சர்க்கரை இருக்கும்போலன்னு ஸ்டாஃப் ரூம்ல பேசிக்குவாங்க.

— அதை நான்தான் பரப்பி விட்டேன். எனக்கு ஒரு சர்க்கரையும் கிடையாது. சில நாள் ஒரு சுத்து, சில நாள் இருட்டற வரைக்கும். மழை பெஞ்சா எதிர்க் கடைல நின்னுட்டு, வேண்டாத பொருளுக்கு விலை விசாரிக்கிறது. வெளியில எவ்வளவு பெரிய ஸ்கூலை மேய்க்கிறேன். என் வீட்டுக்குள்ள போறதுக்கு...

— சொல்லுங்க மேடம். நான் இங்கதான் இருக்கேன்.

— அன்னைக்கு நீங்க மைக்ல சொல்லச் சொல்ல, எனக்கு மேடையே சுத்துச்சு. பக்கத்துல கரெஸ்பாண்டண்ட் உட்கார்ந்திருக்கார், எதிர்ல மூணாவது வரிசைல என் பொண்ணு நிக்கறா. அவ முகத்தைப் பாக்கறேன், ஒண்ணுமே தெரியலை. வெறிச்சுன்னு உங்களையே பாத்துட்டு நிக்கறா. அப்ப முடிவு பண்ணினேன், இது இவகிட்டேர்ந்துதான் வந்திருக்குன்னு.

— மேடம், நான் ஒண்ணு சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு இங்க வந்தாளா இல்லையான்னு உங்களுக்கும் நான் சொல்ல முடியாது. ஹெச்.எம்.மா கேட்டாலும் சரி, அம்மாவா கேட்டாலும் சரி. ஆனா அவ வாசல்ல நின்னு அப்படிச் செருப்பைப் பாக்கறான்னா, நீங்க இன்னைக்கே அவகிட்ட...

— அவ இல்லை டீச்சர். அவங்கப்பா செருப்பைப் பாக்கறது நான். பாத்துட்டு, "வாம்மா, இன்னும் ஒரு சுத்து, உடம்புக்கு நல்லது"ன்னு சிரிச்சுக்கிட்டே அவளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போறது நான். நான் எதுக்குச் சிரிக்கிறேன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சா, அது ஒண்ணை மட்டும் சொல்லுங்க.